குல்ஃபிக்கும் இத்தா

பறவைக்கு இத்தா உண்டா என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். புதுப்பட்டினம் பள்ளிவாசல் தெருவில் ஷாஜாதி என்று ஒருத்தி, ஒரு சாண் பறவையைக் கூண்டோடு இத்தாவில் உட்கார வைத்தாள். அல்லா சாட்சியாக நடந்தது இது.

மவுத்தானவன் அவளுடைய தம்பி முபஷ்ஷிர். கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். ஒரு மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவன் பொண்டாட்டி ஹாதியா இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, நகை, பூ, சாயத்துணி கூடாது, அந்நிய ஆம்பிளை கண்ணில் படக் கூடாது. இதெல்லாம் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஹாதியாவும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புருஷன் மேல் அவளுக்கு உயிர். அழுதாள், வெள்ளை உடுத்தினாள், தெருப்பக்கத்து அறையில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

அதோடு விட்டாளா ஷாஜாதி? பீரோக் கண்ணாடி மேல் போர்வையைப் போட்டு நாலு முனையிலும் கட்டினாள். பாத்ரூம் கண்ணாடியில் பேப்பரை ஒட்டினாள். இத்தா இருப்பவள் கண்ணாடி பார்த்தால் செத்தவனுக்குக் கபர்க் குழிக்குள் வேதனை என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு, எந்தக் காலத்துப் பேச்சோ. ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினவள் கண்ணில் கூண்டு பட்டது.

கூண்டுக்குள் குல்ஃபி. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, ரெண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு வைத்த காக்கடீல் என்கிற சின்னக் கிளி. பிள்ளை இல்லாத வீட்டில் கலகலப்புக்கு என்று முபஷ்ஷிர் பொண்டாட்டிக்கு வாங்கிக்கொடுத்தது. ஜன்னலோரம் தொங்கிக்கொண்டு, போகிற வருகிறவனையெல்லாம் விசில் அடித்துக் கூப்பிடும்.

"இத்தா வூட்ல இது இன்னாடி, கன்னத்துல சாயம் பூசிகினு கீது?" என்றாள் ஷாஜாதி.

"அல்லா பூசி அனுப்பினது. அவன்கிட்டயே கேளுங்க," என்றாள் ஹாதியா.

நாத்தனாருக்கும் தம்பி பொண்டாட்டிக்கும் பேச்சு எப்போதுமே இந்த லட்சணம்தான். இருபது வயதில் தாலி அறுத்து இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் ஷாஜாதி. தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். முக்காடு வீட்டுக்குள்ளேயும் இறங்காது. உட்கார்ந்தால் ஒரு கை முக்காட்டுக்குள் போய்விடும், உச்சியில் எதையோ தடவிக்கொண்டே இருக்கும். பேன் என்று ஹாதியா நினைத்துக்கொண்டாள்; கேட்கிற அளவுக்கு அவர்களுக்குள் சிநேகம் இருந்ததில்லை.

ஷாஜாதி கூண்டைத் திறந்தாள். உள்ளே தொங்கின வட்டக் கண்ணாடி, அதன் கீழே கட்டின சின்ன மணி, கலர் மணி கோத்த ஊஞ்சல், மூன்றையும் கத்தியால் அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மணி சத்தம் கேட்கிற வீட்டுக்கு வானத்து மலக்குகள் வராதாம். ஊஞ்சல் கலராக இருக்கிறதாம். சரி, கண்ணாடி?

"அக்கா, கண்ணாடிய மூட வேண்டியது என் மூஞ்சிக்குத்தான? அதும் மூஞ்சிக்கு இன்னாத்துக்கு?"

"நீ அதுல எட்டிப் பாப்ப."

"அந்தக் கண்ணாடில என் மூக்கு கூட முழுசா தெரியாது!"

"வாய் நீளுது பாரு. புருஷன மண்ணுல வெச்சிட்டு வந்து பொம்மைக்குச் சண்ட போடுறா," என்று சொல்லிக்கொண்டே கூண்டைத் தூக்கிப் பீரோவுக்குப் பின்னால் இருட்டு மூலையில் வைத்தாள். குல்ஃபி கொண்டையை விறைத்துக்கொண்டு கீச்சென்று கத்தியது. அதன் மேலும் ஒரு துணியைப் போட்டாள் மகராசி.

முதலில் குல்ஃபி கத்தியது. அப்புறம் கத்துவதை விட்டுவிட்டு அலகால் கம்பியைத் தட்ட ஆரம்பித்தது. டக், டக், டக். விடிந்ததிலிருந்து விளக்கு அணைக்கிற வரைக்கும் அதே டக், டக். பக்கத்தில் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டுகிற ஹாதியாவுக்கு மண்டைக்குள் தட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு நாள் அந்தச் சத்தமும் நின்றது. துணியை விலக்கிப் பார்த்தாள். கூண்டுத் தரை முழுக்க சாம்பல் இறகு. குல்ஃபி தலையைக் குனிந்து தன் நெஞ்சிலிருந்து இன்னொரு இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கின இடத்தில் தோல் சிவந்து, ரத்தப் புள்ளி தெரிந்தது.

ஹாதியா செல்போனைத் தேடி எடுத்தாள். எதிர் வீட்டு ஜெனிட்டாவுக்குப் போன் போட்டாள். ஜெனிட்டா படூரில் நாய், பூனை, பறவை விற்கிற கடையில் வேலை பார்க்கிறவள். பஸ்ஸை விட்டு இறங்கினவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து, கூண்டு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"சீக்கு மாரி தெரியலக்கா. போர் அடிச்சிப் போயி தன்னத்தானே பிச்சிக்குது. இப்டியே வுட்டா தோலு புண்ணாயி செத்துடும்."

"கண்ணாடிய புடுங்கிட்டாங்களே, அதான்."

"கண்ணாடி கெடக்குது வுடு. அத்தப் பாத்து ஜோடின்னு நெனச்சி ஏமாந்துகினுதான் கெடந்திச்சு. அதுக்கு வேல குடுக்கா. வெளில திரியுற பறவ நாள் முச்சூடும் தீனி தேடிகினே கெடக்கும். நீ கிண்ணத்துல கொட்டி வெச்சிடுற. ரெண்டு நிமிஷத்துல துன்னுட்டு மீதி நேரம் அது இன்னா பண்ணும்? தீனிய ஒளிச்சி வையி. கிழிக்க எதுனா குடு. வெளிச்சத்துல வையி."

வெளிச்சத்தில் வைக்க ஷாஜாதி விட வேண்டுமே! ஹாதியா பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர் ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொன்னார்: சிங்காரிக்கத்தான் கூடாதே தவிர, கண்ணாடிக்குத் தடை ஒன்றும் இல்லை, ஜன்னலுக்குத் திரை போட்டால் போதும், வாயில்லா ஜீவனை வதைத்தால்தான் பாவம். ஹாதியா போனை ஸ்பீக்கரில் போட்டு அதை நாத்தனார் காதில் விழ வைத்தாள்.

"ஹஜ்ரத்து நேத்து வந்தவரு," என்றாள் ஷாஜாதி. "இந்த வூட்டு வழக்கம் அவருக்கு இன்னா தெரியும்?"

கேட்டீர்களா நியாயத்தை! கிதாப் ஒரு பக்கம், இந்த அம்மா வீட்டு வழக்கம் ஒரு பக்கம். ஹாதியா அதற்கப்புறம் கேட்கவே இல்லை. ஷாஜாதி கடைக்குப் போன நேரத்தில் கூண்டை ஜன்னல் பக்கம் இழுத்துவந்தாள், ஜன்னல் கதவை ஒரு சாண் திறந்து, வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டினாள். தென்னை நாரைத் திரித்தாள், கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டாள், ஐஸ் குச்சி, மக்காச்சோளத் தோகை, பாய் ஓரத்துக் கோரை, சணல் என்று வீட்டில் கிடந்த அத்தனையையும் கட்டி ஒரே மூச்சில் கூண்டுக்குள் தொங்கவிட்டாள். எல்லாம் ஆத்திரம். நீ மூணு எடுத்தாயா, நான் முப்பது வைக்கிறேன் பார் என்கிற வெறி. குல்ஃபி அதையெல்லாம் பார்த்து மிரண்டு, மூலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது.

சாயங்காலம் வந்த ஜெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாக்கா இது, கல்யாண மண்டபமா? அது றெக்கைய விரிக்க எடம் வாணாவா? நீ ஒங்க நாத்தனாரப் பழி வாங்குறியா, பறவையப் பாக்குறியா?"

அந்தக் கேள்வி ஹாதியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. எல்லாவற்றையும் கழற்றி எடுத்தாள். அதற்கப்புறம் நிதானமாகச் செய்தாள். வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, ஜெனிட்டா ஒடித்து வந்த கொய்யாக் கிளையையும் வேப்பங்கிளையையும் கழுவிக் காயவைத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஏற்ற இறக்கமாகக் குறுக்கே வைத்தாள். காலுக்கு ஒரு இடத்தில் தடிமன், ஒரு இடத்தில் மெல்லிசு. தீனிக் கிண்ணத்தை ஒரு கோடியிலும் தண்ணீரை மறு கோடியிலும் மாட்டினாள். நடுவில் பறக்க இடம் விட்டாள். விளையாட்டுச் சாமான் இரண்டே இரண்டு. பார்த்துப் புளித்துப்போனால் ஒன்றை எடுத்துவிட்டு வேறு ஒன்று.

அவள் கண்டுபிடித்த பெரிய வித்தை பொட்டலம். பழைய பேப்பரை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, உள்ளே ஒரு சிட்டிகைத் தினையை வைத்து, மிட்டாய் மாதிரி ரெண்டு பக்கமும் முறுக்கிக் கிளையில் கட்டிவிடுவாள். கட்டுமுன் பறவையின் காதருகில் வைத்துச் சரசரவென்று ஒரு கசக்குக் கசக்குவாள். முதலில் குல்ஃபி பயந்தது. பிறகு முறைத்தது. பிறகு ஒரு காலை எடுத்து வைத்துத் தட்டிப் பார்த்தது. தினை ஒன்று உதிர்ந்ததும் ஐயாவுக்கு ஞானம் வந்துவிட்டது. அதற்கப்புறம் பேப்பர் சரசரத்தால் போதும், கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். பொட்டலத்தைத் தாறுமாறாகக் கிழித்துத் தரையில் எறிந்து, தினையைப் பொறுக்கித் தின்று, ஜெயித்த மாதிரி ஒரு விசில் அடிக்கும். நெஞ்சில் பஞ்சு பஞ்சாகப் புது இறகு முளைத்தது. பொட்டலம் மடிக்கிற நேரத்தில் ஹாதியாவுக்கும் அழுகை வரவில்லை. அதை அவளே கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தாள்.

ஷாஜாதிக்கு இதெல்லாம் கண்ணில் மிளகாய். குப்பை என்றாள், நாற்றம் என்றாள், தம்பி போன வீட்டில் பறவைக்குப் பெருநாளா என்றாள். சோற்றுத் தட்டை வாசற்படியில் டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். ஆனாலும் போகும்போது நின்று, குல்ஃபி பொட்டலம் பிரிப்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, முபஷ்ஷிருக்காக யாசீன் ஓதத் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். துஆவுக்குக் கையேந்தி, எல்லாரும் ஆமீன் ஆமீன் என்று உருகிக்கொண்டிருக்கும்போது குல்ஃபிக்கு ஒரு பொட்டலம் பிரிந்தது. அடித்தது பாருங்கள் ஒரு விசில்! கல்யாண வீட்டுப் பையன் மாதிரி. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்குத் தோள் குலுங்கியது. கிளம்பும்போது ஒரு பெரியம்மா, "இன்னா ஷாஜாதி, இத்தா வூடு மாரியே இல்லியே," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

போதாதா? ஷாஜாதிக்கு முகம் செத்துப்போயிற்று. ஹாதியா அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். தண்ணீரை நிறுத்திய நேரத்தில் அறையில் ஜன்னல் கதவு படாரென்று திறக்கிற சத்தம் கேட்டது. கூடவே ஷாஜாதியின் குரல், அடித்தொண்டையில், அவள் எப்போதும் பேசுகிற குரல் இல்லை அது.

"போ. நீயாச்சும் போய்த் தொல!"

ஹாதியா ஈரக் கையோடு ஓடி வந்தாள். கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. திரை கிழிந்து தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே, எதிர் வீட்டு முருங்கை மரத்து உச்சியில் ஒரு மஞ்சள் கொண்டை.

"அய்யோ! காக்கா கொத்திடுமே! அதுக்கு வெளில எதுவும் தெரியாதேக்கா!"

ஷாஜாதி சுவரோடு சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். முதல் காக்கா வந்து மரத்தில் உட்கார்ந்தது. அது கத்தின கத்தலில் இன்னும் ரெண்டு வந்தன. ஹாதியா ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"படி தாண்டின, இத்தா முறிஞ்சிடும்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் ஷாஜாதி.

"முறியட்டும்!" என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள் ஹாதியா.

தெருவில் சாயங்கால ஜனம். வெள்ளைப் புடவையோடு இத்தாப் பெண் தெருவில் நிற்பதைப் பார்த்ததும் ஆம்பிளைகள் ஒரு காரியம் செய்தார்கள். டீக்கடையில் நின்றவன், பைக்கில் வந்தவன், பள்ளிவாசலுக்குக் கிளம்பினவன், அத்தனை பேரும் அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகத் திரும்பினார்கள். டீக்கடை ஷஃபியுல்லா பாய் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டே ரெண்டு அலுமினியத் தட்டை டமால் டமால் என்று மோதிக் காக்காயை விரட்டினார்.

"தேவைக்கு வெளிய வந்தா ஒண்ணும் முறியாதும்மா! நீ பறவையப் பாரு!" என்று சுவரிடம் சொன்னார்.

ஹாதியா மரத்தடியில் நின்று பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் கசக்கினாள். சரசரவென்று பேப்பர் சத்தம். மேலே குல்ஃபி கழுத்தைச் சாய்த்தது. ஒரு காக்கா பாய்ந்து வந்தது. குல்ஃபி கிளையை விட்டது, தடுமாறியது, சுவரில் மோதப் போய்த் திரும்பியது, தொப்பென்று வந்து ஹாதியாவின் தலையில் உட்கார்ந்து முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பொட்டலம் எங்கே என்று வேறு எட்டிப் பார்த்தது, வெட்கங்கெட்டது. ஹாதியா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவிலேயே அழுதாள். புருஷனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவள் அப்படி வாய்விட்டு அழவில்லை.

வாசலில் ஷாஜாதி, ரெண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வெளிய போனவ வெளியவே நில்லு. என் தம்பிய இன்னொரு தபா சாவடிச்சிட்டு வந்து கீற."

"தொறந்து வுட்டது நீங்க."

"ஆமா, தொறந்தேன்!"

"‘நீயாச்சும் போ’ன்னு இன்னாத்துக்கு சொன்னீங்க?"

ஷாஜாதியின் கை நிலையிலிருந்து நழுவியது. அப்புறம் அவள் செய்த காரியத்தை ஹாதியா சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். முக்காட்டைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. சுற்றிலும் அரையும் குறையுமாகப் பிடுங்கின முடி, அங்கங்கே சிவப்புப் புள்ளி.

"இதே ரூம்தான்டி. நான் உக்காந்தேன். இருவது வயசு. ஜன்னலுக்கு ஆணி அடிச்சி வெச்சாங்க. ஒரு மனுச மூஞ்சி இல்ல, ஒரு பேச்சு இல்ல, சோத்தத் தட்டுல போட்டு வாசப்படில தள்ளினாங்க. ஒவ்வொண்ணா புடுங்கிகினு உக்காந்திருந்தேன். இன்னும் கை நிக்கல. யாரு வந்து பாத்தா? எனக்கு போர் அடிக்கும்னு யாருக்குத் தோணுச்சு? எனக்கு யாருடி பொட்டலம் மடிச்சித் தொங்க வுட்டா?"

ஹாதியாவின் கைக்குள் குல்ஃபியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விரலில் அந்தப் பஞ்சு இறகு தட்டுப்பட்டது. இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரக்கத்தோடு கூடவே கோபமும் வந்தது, கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"ஒங்களுக்கு அத்த செஞ்சவங்க எல்லாரும் கபர்ல கீறாங்க, அக்கா. எனக்கு செய்றது நீங்க."

ஷாஜாதி கன்னத்தில் அறை வாங்கினவளாக நின்றாள். ஹாதியா அவளை இடித்துக்கொண்டே உள்ளே போனாள். குல்ஃபியைக் கூண்டில் விட்டாள், திரையை மறுபடி கட்டினாள், ஜன்னலை ஒரு சாணுக்குப் பதில் முழுசாகத் திறந்து வைத்தாள். பாயில் உட்கார்ந்து பேப்பரைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி, தொழுது முடித்த பிறகு வாசற்படியில் நிழல் தெரிந்தது. ஷாஜாதிதான். முக்காடு பழையபடி ஏறியிருந்தது. ஒரு கை வழக்கம்போல உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது, பாதி வழியில் நின்றது.

"அந்தப் பொட்டலம்… எப்டி முறுக்குற?" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சொம்மாதான் கேட்டேன். பழைய பேப்பர் வூட்ல நெறைய கெடக்குது."

ஹாதியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேப்பரையும் தினைக் கிண்ணத்தையும் பாயின் மறு ஓரத்துக்குக் காலால் தள்ளினாள். ஷாஜாதி வந்து உட்கார்ந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் பொட்டலம் பிரிந்து தினை கொட்டியது. ரெண்டாவதும் கொட்டியது. மூன்றாவது ஒருவாறு நின்றது. எழுந்துபோய்க் கம்பி இடுக்கு வழியாக அதைக் கிளையில் கட்டப் போனாள்.

குல்ஃபி பொட்டலத்தைத் தொடவில்லை. நேராக வந்து அவள் விரலை நறுக்கென்று கவ்வியது. ரத்தம் துளிர்த்தது.

"கடிக்கட்டும்," என்றாள் ஹாதியா. "அதுக்கு ஒங்க மேல கோவம் இன்னும் தீரல. எனக்கும்தான்."

ஷாஜாதி கையை இழுத்துக்கொள்ளவில்லை.